கோபுரம் நம் சின்னமாம், அர்த்த மண்டபம் யாருடையது?

தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருப்பது ஒரு கோயில் கோபுரம். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் கோபுரம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். (மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம்தான் அது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) ரேஷன் அட்டையிலிருந்து தாசில்தார் கையெழுத்திடும் சாதிச் சான்றிதழ் வரை அந்தக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். நீ இன்ன சாதி என்று அரசு எழுதித் தரும் தாளின் தலையில் ஒரு கோபுரம் நிற்பதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

2024 டிசம்பர் 15 அன்று இசையமைப்பாளர் இளையராஜா அதே ஆண்டாள் கோயிலுக்குப் போனார். ஜீயர்களோடு நடந்து அர்த்த மண்டபத்தின் வாசற்படியைத் தாண்டியவரை, வெளியே நிற்கச் சொன்னார்கள். அவரும் வெளியே வந்து நின்று வழிபட்டார். காணொளி பரவியது, கொதிப்பு எழுந்தது. உடனே விளக்கம் வந்தது: அர்த்த மண்டபம் கருவறைக்குச் சமமானது, அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு எவருக்கும் அங்கே அனுமதியில்லை, இதில் சாதி எங்கே வந்தது? தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் நானில்லை, வதந்தி பரப்பாதீர்கள் என்று இளையராஜாவே எழுதினார். அது அவருடைய நிலைப்பாடு, அவருடைய உரிமை.

என் கவனம் அந்த விளக்கத்தின் மொழியில் நின்றுவிட்டது. கவனித்துப் பாருங்கள், அதில் சாதி என்ற சொல் மறுப்பதற்காக மட்டுமே வருகிறது. மற்றபடி அது முழுக்கக் கட்டடக்கலையின் மொழி. மண்டபம், கருவறை, வாசற்படி. யார் உள்ளே போகலாம் என்ற கேள்வியைக் கேட்டால், கட்டடம் இப்படித்தான் அமைந்திருக்கிறது என்று பதில் வருகிறது. யார் பரம்பரை பரம்பரையாக அர்ச்சகராக இருக்கிறார் என்று அடுத்த கேள்வியைக் கேட்காதவரை அந்தப் பதில் நடுநிலையானதாகவே தெரியும்.

நம் தலைமுறையில் கோயில் கட்டடக்கலை ஒரு புது வாழ்வு பெற்றிருக்கிறது. 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததிலிருந்து ரீல்ஸைத் திறந்தால் தஞ்சைப் பெரிய கோயில். கிரேன் இல்லாத காலத்தில் எப்படி ஏற்றினார்கள் பார், நிழலே விழாது பார் என்று ஒரு குரல் பின்னணி இசையோடு புல்லரிக்கிறது. நிழல் விழும். மாலையில் போய் நின்றால் உங்கள் காலடியிலேயே விழும். பொய்யைத் திருத்துவது எளிது. திருத்தியபிறகும் அந்தப் புல்லரிப்பு போகாது, ஏனென்றால் அது கல்லைப் பற்றியதில்லை. 'நம் முன்னோர்' என்ற சொல்லைப் பற்றியது. வலதுசாரி அதை இந்துப் பெருமை என்கிறான். தமிழ்த்தேசியம் பேசும் நண்பர் தமிழர் பொறியியல் என்கிறார். திராவிடம் பேசுகிறவர், இது வடநாட்டு நாகரம் இல்லை, திராவிடப் பாணி என்று பெயரைப் பிடித்துக்கொள்கிறார். மூவரும் ஒரே கோபுரத்தின் கீழ் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 'நம்'முக்குள் சேரி இருக்கிறதா என்று கேட்டால் மூவருக்கும் முகம் சுருங்குகிறது.

2019இல் பா. ரஞ்சித் திருப்பனந்தாளில் பேசியபோது நடந்தது இதுதான். இராசராசன் காலம் எங்களுக்கு இருண்ட காலம், எங்கள் நிலம் பறிபோன காலம் என்று அவர் சொன்னதற்கு வழக்குப் பதிந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்துப்போன ஓர் அரசனைப் பற்றிய கருத்துக்கு இன்றைய காவல் நிலையத்தில் வழக்கு! அந்த அரசன் வெறும் வரலாறு என்றால் யாருக்கு என்ன வலி? அவன் இன்று ஏறத்தாழ ஒவ்வொரு ஆதிக்கச் சாதிச் சங்கத்தின் ஃபிளக்ஸிலும் அந்தந்தச் சாதிக்காரனாக நிற்கிறான். பெரிய கோயில் அந்தப் பட்டா நிலத்தின் எல்லைக்கல்.

பெரிய கோயில் என்ன சொல்கிறது என்பதை அதனிடமே கேட்கலாம். 1010ஆம் ஆண்டில் முடிந்த அந்தக் கோயிலின் சுவர்களில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் நூறாண்டுக்கும் மேலாக அச்சில் கிடக்கின்றன. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் அவற்றில் உண்டு. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதில் வரி விழாத நிலங்களைக் கழிக்கிறார்கள். குடியிருப்பு, கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், இவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி. சுடுகாட்டிலும் பறைச் சுடுகாடு தனி. வேலி, மா, காணி, முந்திரி என்று நுணுகி அளந்த ஒரு வருவாய்த்துறை, தீண்டாமையையும் அதே துல்லியத்தோடு அளந்து கல்லில் பொறித்திருக்கிறது. தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் அந்தச் சுவரில் இருப்பதை நம் பெருமைக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள். தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட நானூறு பெண்களின் பெயர்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது உட்பட அங்கே இருப்பதையும் சிலர் சொல்வார்கள். தீண்டாச்சேரி என்ற சொல்லை எந்த ரீல்ஸிலும் நான் கேட்டதில்லை. தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையிலும் பார்த்ததில்லை.

கல்லுக்கு ஏது சாதி, கட்டியவர்கள் உழைக்கும் மக்கள்தானே, அவர்கள் உழைப்பைக் கொச்சைப்படுத்தலாமா என்று ஒரு வாதம் உண்டு. முற்போக்குக் குரலில் வருவதால் இது கொஞ்சம் ஆபத்தான வாதம். கல் சுமந்தவனுக்கு அந்தக் கட்டடத்தில் உரிமை உண்டென்றால், குடமுழுக்கு முடிந்த மறுநாள் அவன் ஏன் வெளியே நின்றான்? இன்றைக்கும் கோபுரத்துக்குச் சாரம் கட்டி வண்ணம் பூசுகிறவர் குடமுழுக்கு வரை கலசத்தின் பக்கத்திலேயே நிற்கிறார். பிறகு அவருக்குக் 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்'. அந்தப் பழமொழியை நாம் பக்தியின் எளிமையாக எடுத்துக்கொள்கிறோம். உள்ளே விடப்படாதவனுக்குச் சொல்லப்பட்ட சமாதானமாக அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உண்மையில் கோபுரத்தின் வரலாறே அப்படித்தான் போகிறது. தஞ்சையில் உயரமானது கருவறைக்கு மேலுள்ள விமானம். வாயிற்கோபுரங்கள் அதற்குக் கீழே நிற்கின்றன. விசயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது தலைகீழாகிறது. உள்ளே விமானம் சிறியது, வெளியே மதில்மேல் மதில், ஒவ்வொரு மதிலிலும் முந்தையதைவிட உயரமான கோபுரம். திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள். உள்ளே போகப் போகச் சாதி உயரும், வெளியே வர வரக் குறையும். நாலு நூற்றாண்டு மொட்டையாக நின்ற அதன் ராசகோபுரத்தை 1987இல் 236 அடிக்குக் கட்டி முடித்தோம். மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஒரு நகரமே கோயிலின் நீட்சி. தேர் ஓடும் தெரு, தேர் வராத தெரு என்று இந்த ஊர்களில் பிறந்த எவருக்கும் தெரியும். யாரும் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, நடந்து தெரிந்துகொண்டது. எந்தத் திருப்பத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்பதைக் கால்கள் மனப்பாடம் செய்தன.

அதனால்தான் சாதி ஒழிப்பின் போராட்ட வரலாற்றை ஒரு கோயிலின் வரைபடத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. வைக்கத்தில் 1924இல் போராட்டம் கோயிலுக்குள் நுழைய நடந்ததில்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க நடந்தது. பெரியார் சிறை போனது தெருவுக்காக. கமுதியில் 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததற்கு இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். அது வாசல். 1939 சூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் உள்ளே போனபோது பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். அது மண்டபம். கடவுளே இல்லை என்ற பெரியார் 1970 சனவரி 26இல் கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அறிவித்தார். சாமி கும்பிடாதவனுக்குக் கருவறையில் என்ன வேலை என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கட்டடத்தின் மையம் எதுவோ அதுதான் சமூகத்தின் மையம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிளர்ச்சி தள்ளிவைக்கப்பட்டு அந்த ஆண்டே சட்டம் வந்தது. 1972இல் சேசம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது, ஆனால் ஆகமத்தை வாசலில் நிறுத்திவிட்டுப் போனது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகர்களாயினர். அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம், எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கச் சொன்னது. தெருவிலிருந்து கருவறைக்கு நூறடி இருக்குமா? நூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' முதல் இதழில் இந்து சமூகத்தைப் பல மாடிகள் கொண்ட கோபுரமாகவே வருணித்தார். ஏணியும் இல்லை, வாசலும் இல்லை, பிறந்த மாடியிலேயே சாக வேண்டும் என்றார். உவமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 'மயமதம்' போன்ற வாஸ்து நூல்களைத் திறந்தால் அது உவமையில்லை என்று தெரியும். வெண்மண் பிராமணருக்கு, செம்மண் சத்திரியருக்கு, மஞ்சள் மண் வைசியருக்கு, கருமண் சூத்திரருக்கு. மண்ணுக்கே வருணம். மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே இடம் ஒதுக்குகிறது, அர்த்தசாத்திரம் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஒதுக்குகிறது. இதே வாஸ்துவைத்தான் இன்று நூறு சதவீதம் வாஸ்துப்படி என்று ஓஎம்ஆர் சாலையில் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். பூசையறை ஈசானியத்தில், வீட்டுவேலை செய்யும் அக்காவுக்குத் தனி லிஃப்ட். சைவ உணவுக்காரருக்கு மட்டும் வாடகைக்கு.

எனக்கு அதிகம் கவலை தருவது பெரிய கோயில்கள் இல்லை. அவை அகழியும் மதிலுமாக எப்போதும் அப்படித்தான் நின்றன. கவலை தருவது வெட்டவெளியில் இருந்த சாமிகள்.

ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாகத் தென்மாவட்டக் கிராமங்களில் அலைகிறேன். சுடலைமாடன் பீடம் என்றால் பொட்டலில் சுண்ணாம்பு பூசிய ஒரு மண்பீடம், மேலே வானம். கூரை போட்டால் சாமிக்கு ஆகாது என்பார்கள். கூரையில்லாத இடத்தில் கருவறையும் இல்லை. எந்தக் கோடு தாண்டினால் தீட்டு என்று சொல்வதற்கு அங்கே கோடே கிடையாது. சாதி இருந்தது, மறுக்கவில்லை. முதல் மரியாதை யாருக்கு, எந்தப் பக்கம் யார் நிற்பது என்ற சண்டைகள் இருந்தன. ஆனால் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போய், அருள் வந்து ஆடும்போது அந்த வரிசை கலையும். பீடத்தைத் தொட்டுத் திருநீறு எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது சென்னையிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பணம் அனுப்புகிறார்கள். ஸ்தபதி வருகிறார். பொட்டலைச் சுற்றி முதலில் ஒரு காம்பவுண்டு. பிறகு கருவறை, அர்த்த மண்டபம், மூன்று கலசத்தோடு விமானம், கிரானைட் தரை, எவர்சில்வர் கம்பித் தடுப்பு, கிரில் கேட், பூட்டு. சாலையில் ஓர் ஆர்ச்: இன்ன சமுதாயத்துக்குப் பாத்தியப்பட்டது. டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று எழுதி அதன் வெளிச்சத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். கும்பாபிசேகத்துக்குக் குருக்கள் வருகிறார், கிடா வெட்டு மதிலுக்கு வெளியே போகிறது. மறு ஆண்டு கொடையில் பறையடிக்கிறவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். யாரும் அவரை விரட்டவில்லை. உள்ளே டைல்ஸ் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு இல்லாத ஒரு வெளியேற்றத்தைக் கட்டடம் புதிதாக உண்டாக்கிவிட்டது. கூடவே கருவறை என்ற ஒன்று வந்துவிட்டதால் அதற்குள் யார் போகலாம் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர். ஒரு காலத்தில் பெரிய கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். எங்களுக்கும் கோபுரம் உண்டு என்று காட்டுவது அவர்களுக்குச் சுயமரியாதையாகத் தோன்றுகிறது. அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் கோபுரத்தை வாங்கினால் மதிலும் சேர்ந்தே வருகிறது, தனியாக விற்பதில்லை. சேரியிலும் இந்த ஆசை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. அங்கும் விமானங்கள் எழுகின்றன, அவற்றுக்கும் பூட்டுகள் உண்டு.

மதில் பழகிவிட்டால் அது கோயிலோடு நிற்பதில்லை. உத்தபுரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே எழுப்பிய சுவர், 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்படும் வரை நின்றது. அங்குள்ள முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போக 2011 நவம்பர் வரை ஆனது. மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயர்ந்த மதில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் சரிந்து பதினேழு பேரைக் கொன்றது. செத்தவர்கள் அருந்ததியர். அது காம்பவுண்டுச் சுவர்தான், கட்டடப் பிழைதான் என்று சொன்னார்கள். மறுபடியும் அதே கட்டடக்கலை மொழி. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் இளைஞர்கள் போனதற்கு அடி விழுந்து, 2023 சூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சமமாக நிற்பதைவிடச் சாமி பட்டினி கிடப்பது மேல் என்று முடிவெடுத்த ஊரைப் பார்த்தோம்.

வேறு மாதிரி கட்டியவர்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். அய்யா வைகுண்டரின் நிழல் தாங்கல்களில் சிலைக்குப் பதில் கண்ணாடி. தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும், தலையில் துண்டு கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஒன்றாக நீர் இறைக்கக் கிணறு வெட்டினார்கள். வள்ளலார் வடலூரில் 1867இல் முதலில் தருமசாலையில் அடுப்பை மூட்டினார், சத்திய ஞானசபை வந்தது 1872இல். எண்கோண மண்டபம், சிலை இல்லை, சோதி. சுற்றிலும் பெருவெளி. அந்தச் சபைக்குள்ளும் பிற்காலத்தில் இலிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துப் பூசை நடத்தினார்கள். அதை நிறுத்த 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட வேண்டியிருந்தது. நாக்பூர் தீட்சாபூமியின் தூபி சாஞ்சி போலத் திடமானதில்லை, உள்ளே கூடம், யாரும் போய் உட்காரலாம். 1998இல் மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, மற்ற சாதிகள் கலந்து, சுடுகாடு பொது. அதில் குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் பறைச் சுடுகாட்டைத் தனியே அளந்து எழுதிய நாட்டில் அது ஒரு கட்டடக்கலைப் பதில். இவற்றைப் பற்றி ஒரு ரீல்ஸ் போடுங்களேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

பெரிய கோயிலை இடிக்கச் சொல்கிறாயா என்று கருத்துப்பெட்டியில் வரும் என்று தெரியும். இல்லை. இடித்து அரசியல் செய்கிறவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். நான் கேட்பவை சின்னச் சின்ன விசயங்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் அர்த்த மண்டபம் வரை போகப் பிறப்பு ஒரு தகுதியாக இருக்கக் கூடாது. திருப்பணிக்கு அரசுப் பணமோ அரசு நிலமோ வாங்கும் எந்தக் கிராமக் கோயிலும் வாசலில் 'பாத்தியப்பட்டது' என்று எழுதக் கூடாது, எழுதினால் பணம் திரும்ப வர வேண்டும். சிதம்பரத்தில் நந்தன் நுழைந்ததாக மக்கள் நம்பும் தெற்கு வாசல் பற்றிய கோரிக்கைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். 2020இல் பெரிய கோயில் குடமுழுக்கைத் தமிழில் நடத்தப் போராடினோம், நீதிமன்றம் இரண்டு மொழியிலும் நடத்தச் சொன்னது. எந்த மொழியில் என்பதற்குக் கிளம்பிய கூட்டத்தில் பாதி, யார் என்பதற்கும் கிளம்ப வேண்டும்.

இராசராசன் பிறந்த ஐப்பசிச் சதயம் 2022 முதல் அரசு விழா. மாலை போட அமைச்சர்கள் வருவார்கள், சாதிச் சங்கங்கள் ஊர்வலமாக வரும். தஞ்சைக்குப் பக்கத்தில் இருக்கிற தோழர்கள் அந்த இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொண்டு போங்கள். தீண்டாச்சேரி வருகிற பக்கத்தில் அடையாளத்துக்குக் கயிறு வைத்து, விமானத்தின் அடியில் நின்று உரக்கப் படியுங்கள். தமிழில்தான் எழுதியிருக்கிறது. யாராவது வழக்குப் போட வந்தால், எழுதியவர் பெயர் சுவரிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள்.